'சர்வர் டவுன்' என்பது விடையாகுமா?

பங்கீட்டுக் கடையிலும் பதிவு அலுவலகத்திலும் வைப்பகத்திலும் மின்கட்டணம் வாங்கும் அறையிலும் நம் மக்கள் இக்கால் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. 'சர்வர் டவுன்' என்பதே அது. அதைக் கேட்டவுடன் வரிசையில் நின்றோர் எதிர்க்கேள்வி இன்றிக் கலைந்து போகின்றனர். சொன்னவரிடம் அதன் பொருள் யாதென வினவின், அவராலும் விளக்கிக் கூற இயலுவதில்லை. பொருளறியாது ஓதப்படும் வேற்றுமொழி மந்திரங்களை மறுத்து எழுதியும் பேசியும் வந்தவர்கள் நாம். கோயிலுள் ஓதப்பட்டதை மறுத்த நாம், கணிப்பொறிமுன் ஓதப்படும் இம் மந்திரத்தை மட்டும் ஏன் கைகட்டிக் கேட்டு நிற்கின்றோம்?

அவ் விரு சொற்களுக்கும் மாற்றாக இரு தமிழ்ச் சொற்களைத் தந்து அமைவது இக் கட்டுரையின் நோக்கமன்று. 'வழங்கி வீழ்ந்தது' என்று தூய தமிழில் சொல்லி அனுப்பினும் மக்கள் வெறுங்கையோடுதான் திரும்புவர். அச் சொற்றொடருக்குப் பின்னே நிகழ்ந்தது என்ன என்பதைத் தமிழர் தமிழிலேயே படித்தும், தமிழிலேயே எண்ணியும், தமிழிலேயே தீர்த்தும் பழகவேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

நிகழ்வது என்ன?

அலுவலகத்து மேசைமேலுள்ள கணிப்பொறியில் ஓடும் மென்பொருளிடத்தில் மக்களின் பெயரும் கணக்கும் இருப்பதில்லை. அவை தரவுத்தளம் என்னும் வேறொரு மென்பொருளின் காப்பில், பெரும்பாலும் வேறொரு கணிப்பொறியில், உள்ளன. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குவதால் அதற்கு வழங்கி என்று பெயர். அவ் வழங்கியை அடைய மேசைமேலுள்ள மென்பொருளுக்கு ஐந்து செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும். எந்தக் கணிப்பொறி, அதன் எந்தத் துறை, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், என்ன கடவுச்சொல் என்பனவே அவை. துறையென்பது, கப்பல் அணையும் துறைபோல, ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்டு ஒதுக்கிய வாயில். போசுட்கிரே எசு.கியூ.எல். என்னும் தரவுத்தளம் பொதுவாக 5432 ஆம் துறையிலும், மை எசு.கியூ.எல். 3306 ஆம் துறையிலும், ஆரக்கிள் 1521 ஆம் துறையிலும் காத்திருக்கும்.

இவ் வைந்தனுள் ஒன்று பிழைபட்டாலும் இணைப்பு நிகழாது. ஆனால், எது பிழைபட்டதோ அதற்கேற்ப வரும் மறுமொழியும் வேறுபடும். நம்மவர் பலரும் கருதாது விடுவது இதனையே. பிழைச்செய்தி என்பது பழுது தன்னைத் தானே பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக் கொள்ளும் சொற்றொடர். அதனைப் படியாமல் பழுது தீர்க்கப் புகுவது, நோயாளி வாய்திறந்து நோவு சொல்லும்போது காதைப் பொத்திக்கொண்டு மருந்தெழுதுவதை ஒக்கும்.

அறுவகை மறுமொழி

ஊர்தேடி, தெருத்தேடி, ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவோன் பெறும் விடைகளோடு இவற்றை ஒப்பிட்டுக் காண்க.

ஒன்று, 'அப் பெயரில் யாருமில்லை.' கணிப்பொறியின் பெயரை அதன் எண்முகவரியாக மாற்ற இயலவில்லை என்பது இதன் பொருள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அல்லது பெயர்களை எண்களாக மாற்றித் தரும் ஏற்பாடு நின்றிருக்கலாம். கடவுச்சொல்லை நூறுமுறை மாற்றினும் இப் பழுது நீங்காது.

இரண்டு, 'மறுமொழியே இல்லை.' மென்பொருள் பல நொடிகள் காத்திருந்து, காலம் கடந்ததென்று கைவிடும். அக் கணிப்பொறி அணைந்திருக்கலாம், இடைவழி அறுந்திருக்கலாம், தீயரண் என்னும் காவல் மென்பொருள் தட்டும் ஓசையையே உள்ளே விடாது விழுங்கியிருக்கலாம். ஈண்டு ஆராய வேண்டுவது வழியையும் காவலையுமே.

மூன்று, 'கேட்பாரில்லை.' இது நொடிப்பொழுதில் வந்துவிடும் விடை. கணிப்பொறி விழித்திருக்கின்றது, ஆனால் அத் துறையில் எவரும் காத்திருக்கவில்லை. வழங்கியைத் தொடங்காமல் விட்டிருக்கலாம்; துறையெண் மாறியிருக்கலாம்; அல்லது வழங்கி தன் கணிப்பொறிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்குமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். போசுட்கிரே எசு.கியூ.எல். தொடக்கத்தில் அவ்வாறே அமைந்திருக்கும். வேறு கணிப்பொறிகளின் அழைப்பையும் கேட்குமாறு நாம்தாம் அதன் அமைப்புக் கோப்பில் எழுதவேண்டும்.

நான்கு, 'நுழைவிசைவு இல்லை.' பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை; அல்லது அப் பயனர் அவ்விடத்திலிருந்து வர இசைவு பெறவில்லை. மை எசு.கியூ.எல். ஒரு பயனரைப் பெயரால் மட்டுமன்றி, வரும் இடத்தாலும் அறியும். உள்ளிருந்து வரும் முருகனும் வெளியிலிருந்து வரும் முருகனும் அதற்கு இருவேறு ஆட்களாகலாம். கேட்கப்பட்ட தரவுத்தளமே அங்கு இல்லை என்னும் மறுமொழியும் இவ் வகைக்கு அணித்ததே. இவ் விடை வருமாயின் மனந்தளர வேண்டா. பெயர் சரி, வழி சரி, துறை சரி, வழங்கியும் விழித்திருக்கின்றது என்னும் நான்கு உண்மைகளை அது சொல்லாமல் சொல்லுகின்றது.

ஐந்து, 'இடமில்லை.' ஒரே பொழுதில் எத்தனை இணைப்புகளை ஏற்பது என்பதற்கு வழங்கி ஓர் எல்லை வைத்திருக்கும். போசுட்கிரே எசு.கியூ.எல்.-இல் அது தொடக்கத்தில் 100, மை எசு.கியூ.எல்.-இல் 151. மென்பொருளை எழுதியவர் இணைப்பைத் திறந்து, பணி முடிந்தபின் மூடாமல் விட்டால், அவை ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து ஒருநாள் எல்லையை முட்டும். எல்லையை உயர்த்துவது ஓட்டைக் குடத்திற்குப் பெரிய குடத்தை மாற்றுவது போன்றதே. ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆறு, 'இருந்த இணைப்பு அறுந்தது.' மாலையில் நன்றாக இயங்கிய மென்பொருள் மறுநாட் காலை முதல் வேண்டுகோளிலேயே தவறும். மீண்டும் முயன்றால் இயங்கும். இதனைப் பேய்த்தொல்லைபோல் எண்ணுவாரும் உளர். மை எசு.கியூ.எல். 28,800 நொடிகள், அஃதாவது 8 மணிநேரம், பேச்சின்றிக் கிடந்த இணைப்பைத் தானே அறுத்துவிடும் என்பதுதான் கரணியம். இரவு முழுதும் அலுவலகம் பூட்டிக் கிடந்தது; இணைப்பு அறுந்தது; மென்பொருளோ அதனை அறியாமல் பழைய இணைப்பிலேயே பேசப் புகுந்தது. பயன்படுத்துமுன் இணைப்பு உயிரோடிருக்கின்றதா என ஆய்ந்து, இல்லையேல் புதிதாய்த் திறக்குமாறு எழுதிவிட்டால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

இவ் வாறும் அறிந்தார்க்கு ஆய்வு எளிது. வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லுக. பெயர், வழி, துறை, இசைவு, இடம் என்னும் வரிசையில் ஒவ்வொன்றாய் ஆய்க. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியதை ஏட்டில் எழுதி வைக்க. வழங்கி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைப் படிக்க. வாங்குபவனுக்குச் சுருங்கச் சொன்னதை வழங்கி தன் பதிவேட்டில் விரியச் சொல்லியிருக்கும்.

மருந்தே நஞ்சாதல்

செய்தியைப் படியாதார் செய்வது யாது? முதலில் கணிப்பொறியை நிறுத்தித் தொடங்குவர். அது பயன்படாவிடில் தீயரணை முற்றும் அணைப்பர். அதுவும் பயன்படாவிடில், எவ்விடத்திலிருந்தும் எவரும் வரலாமென வழங்கியை உலகுக்கே திறந்து வைப்பர். இறுதியாக, எல்லா உரிமையும் உடைய தலைமைப் பயனரின் கடவுச்சொல்லை மென்பொருளுக்குள் எழுதி வைப்பர். பழுது மறையும், 'சரியாகிவிட்டது' என்று மகிழ்வர். கதவு திறக்கவில்லையென்று சுவரை இடித்த கதைதான் இது.

இடித்த சுவரின் வழியே திருடன் வருவான் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2017 சனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோ டி.பி. தரவுத்தளங்கள் உலகெங்கும் பல்லாயிரக் கணக்கில் துடைத்தழிக்கப்பட்டன. அழித்தவர்கள், பொருள் கொடுத்தால் தரவைத் திருப்பித் தருவதாக ஓலை எழுதிவைத்துச் சென்றனர். பூட்டை உடைத்து அவர்கள் நுழையவில்லை. பூட்டே இல்லாத வாயில்களைத் தேடிச் சென்று நுழைந்தனர். 'எப்படியாவது இணைந்தால் போதும்' என்னும் மனப்பான்மையின் விலை இதுவே.

சொல்லாக்கமும் பழுதறிவும்

இனி மொழிக்கு வருவோம். மேற்கூறிய அறுவகை மறுமொழியும் வழங்கியிடமிருந்தும் இணைப்பு மென்பொருளிடமிருந்தும் ஆங்கிலத்தில் வருகின்றன. சிற்றூரிலிருந்து படித்து வந்த நம் இளைஞர் கணிதத்தில் வல்லவர், ஏரணத்தில் வல்லவர். ஆயினும் அச் செய்தியைக் கண்டவுடன் அதனைச் சொற்றொடராகப் பாராமல் படமாகவே பார்க்கின்றார். சிவந்த எழுத்து தோன்றியது, பழுது, தோன்றவில்லை, நலம். இவ் வளவே அவருக்குப் பயிற்றப்பட்டுள்ளது. அவருக்கு அறிவு குறைவன்று; படிப்பித்த முறையே குறைவு. பொருளை நீக்கி ஒலியை மட்டும் மனப்பாடம் செய்யப் பழக்கிய கல்வி, கணிப்பொறி முன்னும் அவரைக் கைவிடுகின்றது.

ஆனால் ஈண்டு நம்மவரிடத்தும் ஒரு குறை உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். தமிழாக்கம் செய்யப் புகுவார் சிலர், ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்துவிட்டுப் பணி முடிந்ததென எண்ணுகின்றனர். மூன்றாம் மறுமொழியையும் நான்காம் மறுமொழியையும் ஆங்கிலத்தார் இருவேறு சொல்லால் குறிக்கின்றனர். நம் பெயர்ப்பாளரோ இரண்டையும் 'மறுக்கப்பட்டது' என்றே எழுதிவிடுகின்றனர். முன்னதில் மறுக்க ஆளே இல்லை. பின்னதில் ஆள் இருந்து, ஆய்ந்து, மறுக்கின்றார். இவ் விரண்டையும் ஒரு சொல்லால் குறிப்பது, படிப்பவனை வழிகாட்டும் கல்லையே திருப்பி நட்டு ஏமாற்றுவதாகும். அத்தகைய தமிழைவிடப் பிழையற்ற ஆங்கிலமே பழுது தீர்ப்பவனுக்கு உதவும் என்று ஒருவர் கூறின், அவருக்கு நம்மிடம் விடையில்லை.

எனவே சொல்லை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காது, நிகழ்ச்சியிலிருந்து ஆக்குக. 'கேட்பாரில்லை', 'மறுமொழி இல்லை', 'நுழைவிசைவு இல்லை', 'இடமில்லை' என்பன எந்த அகரமுதலியையும் புரட்டாமல் எவர்க்கும் விளங்குவன. அவற்றைப் படித்த அளவிலேயே எங்குத் தேடவேண்டும் என்பதும் விளங்கும். பழுதின் இயல்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தரும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. அவ் வாற்றலைப் பயன்படுத்துவார்தாம் வேண்டும். ஒரே கருவிக்கு நால்வர் நான்கு பெயர் படைத்து, எப் பெயர் சிறந்ததென்று ஆண்டுக் கணக்கில் சொற்போரிடுவதைக் காட்டிலும், ஒரு பெயரை ஏற்று நூறு செய்திகளை எழுதி முடிப்பது தமிழுக்குச் செய்யும் மேலான தொண்டு.

மறுப்பும் விடையும்

'பிழைச்செய்தி தமிழில் இருந்தால், உலகில் வேறெவரேனும் இதே பழுதைத் தீர்த்திருக்கின்றனரா என்று எப்படித் தேடுவது?' என்று கேட்பார் உளர். தக்க கேள்வியே. விடையும் உண்டு. இத்தகைய செய்திகளோடு குறியெண்ணும் வழங்கப்படுகின்றது. அது மொழிக்கு மொழி மாறுவதில்லை. மை எசு.கியூ.எல்.-இல் நுழைவிசைவு இன்மைக்கு 1045, இடமின்மைக்கு 1040, தரவுத்தளம் இன்மைக்கு 1049. வழங்கியை அடைய இயலாமைக்கு 2003. அவ் வெண்ணின் பின் அடைப்புக்குள் வரும் எண்ணையும் நோக்குக. இலினக்சு இயங்குதளத்தில் 111 என்றிருந்தால் கேட்பாரில்லை; 110 என்றிருந்தால் மறுமொழி இல்லை. போசுட்கிரே எசு.கியூ.எல்.-இல் இடமின்மைக்கு 53300. தமிழில் பொருளறிந்து, எண்ணைக் கொண்டு உலகெங்கும் தேடலாம். இரண்டும் ஒருங்கே இயலும்.

'இது நடவாத செயல்' என்பார்க்கும் ஒன்று கூறுவோம். போசுட்கிரே எசு.கியூ.எல். தன் செய்திகளை எம் மொழியில் காட்டுவதெனத் தெரிந்துகொள்ளும் அமைப்பை உடையது. செய்திகளைப் பெயர்த்துத் தருவோர் அந்தந்த மொழித் தொண்டர்களே. 2008-இல் வெளிவந்த அதன் 8.3 ஆம் பதிப்பில், இணைப்பை நிகழ்த்தும் நூலகப் பகுதியின் மொழிப்பட்டியலில் தமிழும் இருந்தது. யாரோ சிலர் உறக்கம் விட்டு உழைத்திருக்கின்றனர். இற்றைப் பதிப்புகளில் அப் பகுதியின் பட்டியலில் தமிழ் இல்லை. போதிய அளவு நிறைவுறாத மொழிபெயர்ப்பை வைத்திருப்பதில்லை என்பது அத் திட்டத்தாரின் பொதுநெறி. மென்பொருள் ஆண்டுதோறும் வளரும். புதிய செய்திகள் சேரும். பெயர்ப்போர் தொடர்ந்து பெயர்த்தால்தான் மொழி நிலைபெறும். எவரும் நம்மைத் துரத்தவில்லை. நாம் தொடராது விட்டோம், இடம் போயிற்று. நாற்பது இலக்கத்திற்கும் குறைந்த மக்களைக் கொண்ட சியார்சியா நாட்டின் மொழி இன்று அம் மென்பொருளில் இடம்பெற்றுள்ளது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேர் பேசும் தமிழ், பெற்ற இடத்தையும் இழந்து நிற்கின்றது. இதற்கு யாரைப் பழிப்பது?

ஓசையின்றி அழியும் தமிழ்

பிழைச்செய்தி வந்தாலாவது பழுது உண்டென அறியலாம். செய்தியே வாராது தமிழை அழிக்கும் இணைப்புப் பழுது ஒன்றும் உளது. இணைப்பு நிகழும், கடவுச்சொல் ஏற்கப்படும், எல்லாம் நலமெனத் தோன்றும். ஆனால் உள்ளே அனுப்பிய தமிழ்ப்பெயர் வெறும் வினாக்குறிகளாய்த் திரும்பி வரும்.

இதன் கரணியம் யாது? இணைப்பின் இருமுனையும் எந்த எழுத்துக்குறித் தொகுதியில் பேசுவதென முதலில் உடன்படுகின்றன. மை எசு.கியூ.எல். 2018-இல் 8.0 ஆம் பதிப்பு வரும்வரை, நாம் வேறு சொல்லாதவிடத்து, மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய தொகுதியையே கொண்டது. அத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. ஒருங்குறியின் யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டு. தரவுத்தளத்தில் 'தமிழ்' என்று எழுதி, அதன் பைட்டு அளவைக் கேட்டுப் பார்க்க. 15 என வந்தால் நலம். 30 என வந்தால் ஒருமுறை மாற்றியதையே மறுமுறையும் மாற்றி எழுதியுள்ளனர் என்பது பொருள். அதனை மீட்டெடுக்க வழியுண்டு. 5 என வந்தால், தமிழ் போய் ஐந்து வினாக்குறிகளே எஞ்சியுள்ளன. மீட்க வழியே இல்லை. படி எடுத்து வைக்காவிடில் அப் பெயர்கள் அழிந்தவையே.

எண்ணிப் பார்மின். ஒரு மருத்துவமனையின் நோயாளர் பட்டியலிலோ ஒரு பள்ளியின் பதிவேட்டிலோ ஆயிரம் தமிழ்ப்பெயர்கள் வினாக்குறிகளானால், அலுவலர் என்ன முடிவுக்கு வருவார்? 'தமிழில் வைத்தால் தொல்லை. ஆங்கிலத்திலேயே பெயரை எழுதுக' என்று ஆணையிடுவார். பழி தமிழின்மேல் விழும். பழுதோ ஒரு வரி அமைப்பில் இருந்தது. தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு ஆகிய மூன்றிடத்தும் ஒருங்குறி என்று எழுதியிருந்தால் எந்த இழப்பும் நேர்ந்திராது. தொழில்நுட்பத்தில் ஒரு வரி அறியாமை, மொழிக்கு எதிரான ஓர் ஆணையாக மாறுவது இவ்வாறுதான். எனவே இணைப்புப் பழுதைத் தீர்க்கக் கற்பதும் தமிழ்க் காப்பே என்க.

செய்யத் தக்கன

மென்பொருள் எழுதும் தமிழிளைஞர், தம் மென்பொருளில் அறுவகை மறுமொழிக்கும் அறுவேறு தமிழ்த் தொடர்களை எழுதி, குறியெண்ணையும் உடன் காட்டுக. பொதுமக்கள் காணும் திரையில் பயனர் பெயரையோ கணிப்பொறியின் முகவரியையோ காட்டற்க. அவ் விரிவெல்லாம் பதிவேட்டுக்கு உரியன.

கல்லூரி ஆசிரியர்கள், பழுதற்ற மென்பொருளை இயக்கிக் காட்டுவதோடு அமையாது, துறையெண்ணை மாற்றியும் கடவுச்சொல்லை மாற்றியும் வழங்கியை நிறுத்தியும் வரும் மறுமொழிகளை மாணவர்க்குக் காட்டி, தமிழில் பொருள் சொல்லச் செய்க. ஒரு பிற்பகல் போதும்.

மொழியறிவும் கணிப்பொறியறிவும் ஒருங்கே உடையோர் பத்துப்பேர் கூடி, விட்டுப்போன மொழிபெயர்ப்பை மீண்டும் தொடங்குக. தொடங்குவதினும் தொடர்வதே அரிது என்பதை நினைவிற் கொள்க. ஆண்டுதோறும் வரும் புதுச் செய்திகளைப் பெயர்க்க ஆள் நின்றால்தான் பெற்ற இடம் நிலைக்கும்.

அலுவலகத்தார், பழுது நேர்ந்த பொழுது எது நின்றுள்ளது, யாரிடம் சொல்லப்பட்டுள்ளது, எப்போது மீண்டும் வரலாம் என்னும் மூன்றையும் தமிழில் எழுதி வாயிலில் ஒட்டுக. கூலி இழந்து வந்து நிற்கும் ஏழைக்கு அம் மூன்று வரியைப் பெறும் உரிமை உண்டு.

தமிழில் எல்லாம் இயலும் என்று மேடையில் முழங்குதல் எளிது. நள்ளிரவில் ஒரு வழங்கி நின்றுபோக, கடைக்கோடி ஊரில் இருக்கும் ஓர் இளைஞர் திரையில் தோன்றும் தமிழ்த்தொடரைப் படித்து, இடமறிந்து, பழுது நீக்கி எழுவாரேல், அதுவே அம் முழக்கத்திற்குச் சான்றாகும். அத் தொடரை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாமே. எழுதுவோம்.